பிறந்தநாள் கப்கேக்கும் ஆறு சாயங்களும்: கலிஃபோர்னியப் பள்ளிகளின் முன்னுள்ள தேர்வுகள்

கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் 2027 டிசம்பர் 31 முதல் ஆறு செயற்கைச் சாயங்கள் கலந்த உணவைப் பள்ளி நேரத்தில் விற்கவோ பரிமாறவோ கூடாது. ரெட் 40, யெல்லோ 5, யெல்லோ 6, புளூ 1, புளூ 2, கிரீன் 3 என்று அவற்றைப் பெயர் சொல்லியே விலக்கும் ஏ.பி. 2316 சட்டத்தில் ஆளுநர் கேவின் நியூசம் 2024 செப்டம்பர் 28 அன்று கையெழுத்திட்டார். பள்ளிச் சமையற்கூடமும், பள்ளிக்குள் நடக்கும் தின்பண்ட விற்பனையும் இச்சட்டத்துக்குள் வருகின்றன. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பெற்றோர் வகுப்புக்குக் கொண்டுவரும் இரண்டு டஜன் நீலநிறக் கப்கேக்குகள் வருவதில்லை. அவற்றைப் பள்ளி விற்கவும் இல்லை, பரிமாறவும் இல்லை என்பதே காரணம்.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம். 2010-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தைப் பின்பற்றி அமெரிக்க வேளாண்மைத் துறை 2016-இல் வெளியிட்ட விதி, பள்ளி நேரத்தில் விற்கப்படாமல் சும்மா வழங்கப்படும் உணவுக்கும் ஒவ்வொரு மாவட்டமும் தன் நலக்கொள்கையில், அதாவது மாணவரின் உணவு, உடல்நலம் பற்றிய கொள்கையில், ஒரு வரையறை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த வரையறை எப்படி இருக்க வேண்டும் என்பதை மாவட்டத்திடமே விட்டுவிடுகிறது. கொள்கையை வகுப்பதில் பெற்றோர் பங்கேற்க இடம் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. சான்ட்டா கிளாரா, சாக்ரமென்டோ, சான்டியாகோ எனப் பல ஊர்களில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இது கருத்துச் சொல்லக் கிடைத்துள்ள இடம். எனவே அங்கே மேசைமீது உள்ள தேர்வுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பள்ளி வாங்கிப் பரிமாறும் உணவில் எதை விலக்குவது என்பது ஒரு கேள்வி. வகுப்பறையில் பகிரப்படும் தின்பண்டத்தை என்ன செய்வது என்பது வேறொரு கேள்வி. கொள்கையை வகுக்கும் குழுவின் கூட்டங்களில் இவ்விரண்டையும் ஒரே தீர்மானமாகக் கட்டி முடித்துவிடும் ஆசை எழுவது இயல்பு. அப்படிக் கட்டினால், வாங்குதல் அதிகாரியிடம் இருக்க வேண்டிய பொறுப்பு வகுப்பாசிரியரின் தலையில் வந்து விழும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தப் பிரிவினையை அடிப்படையாகக் கொண்டது.

சாயங்களைப் பற்றி எவ்வளவு தெரியும்

தடைக்கு ஆதரவாக எப்போதும் சுட்டிக்காட்டப்படுவது 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு. மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேருக்கும், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் 144 பேருக்கும் சாயக் கலவையும் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டும் சேர்த்த பானமும், அவை சேர்க்காத பானமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், கலவை குடித்த காலங்களில் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் சராசரியாகச் சற்றுக் கூடியிருந்தன. கொடுத்தது கலவை என்பதால், எந்தச் சாயம் காரணம், அல்லது பென்சோயேட்தான் காரணமா என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவு விளைவும் தெரியவில்லை.

இதே சான்றை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அரசும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை 20 முதல், குறிப்பிட்ட ஆறு சாயங்களில் ஏதேனும் கலந்த உணவின் உறையில், அது குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2011-இல் கூடி, அத்தகைய கூடுதல் எச்சரிக்கை வேண்டாம் என்று 8-க்கு 6 என்ற வாக்கில் முடிவு செய்தது. கலிஃபோர்னியச் சுற்றுச்சூழல் நல அபாய மதிப்பீட்டு அலுவலகம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையோ, தான் பார்த்த 25 சோதனைகளில் 16-இல் சாயத்துக்கும் நடத்தை மாற்றத்துக்கும் ஏதோ ஓர் அளவில் தொடர்பு தெரிந்ததாகச் சொன்னது. ஏ.பி. 2316-க்கு அடித்தளம் அந்த அறிக்கைதான்.

என் கணிப்பில், சில குழந்தைகளுக்குச் சாயம் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லப் போதிய சான்று இருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் நஞ்சு என்று சொல்ல இல்லை. இந்த அளவுச் சான்று ஒரு பொருளைப் பள்ளி வாங்காமல் விடுவதற்குப் போதும், ஏனென்றால் சாயம் உணவுக்குச் சத்தும் தருவதில்லை, அதைக் கெடாமல் காப்பதும் இல்லை. அதை விடுவதால் எந்தக் குழந்தையும் எதையும் இழக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பாட்டி செய்து அனுப்பிய இனிப்பை வகுப்பு வாசலில் நிறுத்தி விசாரிப்பதற்கு இதே சான்று போதுமா என்றால், போதாது என்பேன். அந்த இனிப்பை நிறுத்த வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

பள்ளி வாங்கும் உணவு: பட்டியலா, வகையா, அளவா

பள்ளி உணவைக் கட்டுப்படுத்த இன்று மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. பெயர்ப் பட்டியல் போட்டு விலக்குவது முதல் வழி. கலிஃபோர்னியா தவிர மேற்கு வர்ஜீனியாவும் இதையே செய்தது. அங்கே 2025 மார்ச்சில் சட்டமாகி, ரெட் 3 உள்ளிட்ட ஏழு சாயங்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் பள்ளி உணவிலிருந்து விலக்கப்பட்டன. டெக்சஸ் 2026-27 கல்வியாண்டிலிருந்து இதுபோன்ற ஒரு பட்டியலைப் பள்ளி உணவுக்கு வைத்திருக்கிறது. ரெட் 3-ஐப் பொறுத்தவரை எஃப்.டி.ஏ.வே 2025 ஜனவரியில் அனுமதியை விலக்கிக்கொண்டு, உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி 15 வரை அவகாசம் தந்திருக்கிறது.

உணவை வகையாகப் பிரித்து விலக்குவது இரண்டாம் வழி. கலிஃபோர்னியா 2025 அக்டோபரில் இயற்றிய ஏ.பி. 1264 சட்டம், மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளில் கவலைக்குரியவை எவை என்று 2028 ஜூனுக்குள் வரையறுத்து, 2029 ஜூலை முதல் அவற்றைக் குறைக்கத் தொடங்கி, 2035-இல் பள்ளி உணவிலிருந்து முற்றாக நீக்கச் சொல்கிறது. நோக்கம் பெரியது, சரியானதும்கூட. ஆனால் இன்று தீர்மானம் எழுத உட்காரும் ஒரு குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வரையறை வராத ஒன்றை மாவட்டம் முந்திக்கொண்டு தானே வரையறுக்கப் போனால், சோயாப் பாலையும் முழுதானிய ரொட்டியையும் எந்தப் பக்கம் வைப்பது என்பதிலேயே ஆண்டு முடிந்துவிடும்.

சத்தளவை வைத்து விலக்குவது மூன்றாம் வழி. 2014 ஜூலை முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள ஸ்மார்ட் ஸ்நாக்ஸ் விதியின்படி, பள்ளியில் விற்கப்படும் தின்பண்டம் 200 கலோரியைத் தாண்டக் கூடாது. சோடியம் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எடையில் 35 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. இந்த வழியின் ஓட்டை எது என்று தெரிந்துகொள்ள விரும்புவோர், காரமான சிவப்புச் சீவல்கள் இந்த விதியை எப்படிக் கடந்தன என்று பார்க்கலாம். தயாரிப்பாளர்கள் கொழுப்பைக் குறைத்தார்கள், முழுதானிய மாவுக்கு மாறினார்கள், பொட்டலத்தைச் சிறிதாக்கினார்கள். விதியின் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்தது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பட்டியல் முறைக்கும் குறை உண்டு. சாயம் நீங்கிய காலை உணவுத் தானியத்தில் சர்க்கரை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. அந்த வேலையை வேளாண்மைத் துறையின் 2024 விதிதான் செய்கிறது: 2025-26 கல்வியாண்டிலிருந்து பள்ளியில் தரும் தானியத்தில் ஓர் அவுன்சுக்கு 6 கிராமும், சுவையூட்டிய பாலில் எட்டு அவுன்சுக்கு 10 கிராமும் சேர்த்த சர்க்கரைக்கு உச்சவரம்பு. பட்டியலும் சத்தளவும் சேர்ந்து இயங்கினால்தான் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கும். பள்ளி வாங்கும் உணவுக்கு என் தெரிவு இந்த இரண்டின் கூட்டு. இதில் பெரிதாக விவாதிக்க ஒன்றுமில்லை. மாநிலச் சட்டமும் கூட்டாட்சி விதியும் இதை ஏற்கெனவே கேட்கின்றன. மாவட்டம் செய்ய வேண்டியது, 2027 டிசம்பர் வரை காத்திராமல் அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்திலேயே பட்டியலைச் சேர்ப்பதும், சப்ளையரிடமிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் சேர்மான உறுதிமொழியை வாங்கி வைப்பதும்தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெள்ளை வெளேரென்று இருக்கும் மார்ஷ்மெல்லோவில் அந்த வெண்மைக்காகவே புளூ 1 சேர்க்கிறார்கள். சாண்ட்விச்சில் வைக்கும் வெள்ளரி ஊறுகாய்த் துண்டிலும் யெல்லோ 5 இருக்கும்.

சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ரெட் 40 பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. அதில் உயிர்ப்பொருள் எதுவும் இல்லை. அதை நீக்கிவிட்டு 'இயற்கைச் சிவப்பு' சேர்க்கும்போது, அது பீட்ரூட்டாகவும் இருக்கலாம், காக்கினியல் பூச்சியை உலர்த்தி அரைத்து எடுக்கும் கார்மைனாகவும் இருக்கலாம். கார்மைன் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதால் அதன் பெயரை லேபிளில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2011 முதல் எஃப்.டி.ஏ. விதி இருக்கிறது. பட்டியல் ஒப்பந்தத்தில் சேரும்போதே, மாற்று நிறமி எது என்று பள்ளி மெனுவில் குறிப்பிட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பிறகு சங்கடம் இல்லை. நீலத்துக்கு அந்தக் கவலை குறைவு: எஃப்.டி.ஏ. 2021-இல் ஒப்புதல் அளித்து 2025 மே மாதத்தில் பயன்பாட்டை விரிவாக்கிய நிறமிகளுள் ஒன்று, நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவின் சாறு.

வகுப்பறைக்கு வரும் தின்பண்டம்

இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பள்ளி நிதி விதி மூன்றாம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் சராசரியாக 24 மாணவர் என்பதை இலக்காக வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 180 பள்ளி நாள்கள் என்று கொண்டால், பிறந்தநாள் மட்டுமே ஏறத்தாழ ஏழரைப் பள்ளி நாளுக்கு ஒன்று வரும். அதோடு ஹாலோவீன், குளிர்கால விழா, வாலன்டைன் நாள், ஆண்டு நிறைவு. அமெரிக்க இதய சங்கம் 2016-இல் தந்த பரிந்துரையின்படி இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சேர்த்த சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். கிரீம் தடவிய ஒரு கடைக் கப்கேக் பெரும்பாலும் தனியாகவே அந்த அளவை நெருங்கிவிடும். ஆகவே இது எப்போதாவது ஒரு நாள் நடக்கும் கொண்டாட்டம் என்ற பேச்சு கணக்குக்கு ஒத்துவராது.

சர்க்கரையைவிட அவசரமான காரணம் ஒவ்வாமை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2021 கணக்கெடுப்பில் 5.8 சதவீதக் குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை இருந்தது. 24 பேர் கொண்ட வகுப்பில் சராசரியாக ஒருவருக்குமேல்.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விடுவது முதல் தெரிவு. இதைச் சட்டமாகவே வைத்திருக்கும் மாநிலம் டெக்சஸ். அங்கே 2005-இல் வந்த லாரன் சட்டம், பிள்ளையின் பிறந்தநாளில் பெற்றோரோ தாத்தா பாட்டியோ தாங்கள் விரும்பும் எந்த உணவையும் வகுப்புக்கு வழங்குவதைப் பள்ளி மாவட்டம் தடைசெய்யக் கூடாது என்கிறது. 2015-இல் வேளாண்மை ஆணையராகப் பொறுப்பேற்ற சிட் மில்லர், தன் முதல் வேலையாகக் கப்கேக்குகளுக்குப் 'பொது மன்னிப்பு' அறிவித்தார். பள்ளிச் சமையற்கூடத்தில் செயற்கைச் சாயத்துக்குக் கதவடைக்கும் அதே மாநிலத்தில், அதே சாயத்தில் தோய்ந்த கேக் பெற்றோர் கையில் வந்தால் வகுப்பறைக் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. இதில் முரண் இருந்தாலும் நேர்மையும் ஒன்று இருக்கிறது: அரசு தான் வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது, குடும்பம் கொடுப்பதைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒவ்வொரு முறையும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையை இந்தத் தெரிவு தீர்ப்பதில்லை. ஒவ்வாமையைப் பள்ளிகள், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்கீழ் கவனிக்க வேண்டியிருப்பதால், 'விரும்பியதைக் கொண்டுவாருங்கள்' என்ற விதி ஆசிரியரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

கடையில் வாங்கிய, உறை பிரிக்காத, லேபிள் உள்ள பொருள் மட்டும் என்பது இரண்டாம் தெரிவு. பெரும்பாலான குழுக்களுக்கு நடுவழியாகத் தோன்றக்கூடியது இதுதான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. பால், முட்டை, மீன், ஓடுடைய கடலுயிர், மரக்கொட்டை, நிலக்கடலை, கோதுமை, சோயா, 2023 ஜனவரி முதல் எள் என ஒன்பது பொருள்கள் இருந்தால் லேபிளில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். ஆசிரியர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும் என்பது இந்த விதியின் நம்பிக்கை.

இந்தத் தெரிவோடுதான் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு. சாயத்தைக் குறைக்க வேண்டும் என்று தொடங்கிய குழு, வீட்டில் அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலையும் உரித்த ஆரஞ்சுச் சுளையையும் வாசலில் நிறுத்திவிட்டு, ரெட் 40 கலந்த பேக்கரிப் பெட்டிக்குக் கம்பளம் விரிக்கிறது. லேபிள் இருப்பதாலேயே ஒரு பண்டம் நல்லதாகிவிடுவதில்லை. சரி, லேபிளோடு சாயப் பட்டியலையும் சேர்த்துவிடலாமே என்றால், ஏழரை நாளுக்கு ஒருமுறை காலை எட்டு மணிக்கு, வருகைப்பதிவு எடுக்கும் நேரத்தில், பொடி எழுத்தில் அச்சான சேர்மானப் பட்டியலில் ஆறு பெயர்களைத் தேடும் வேலை ஆசிரியருக்கு வந்து சேர்கிறது. 'கொட்டை கலந்திருக்கக்கூடும்' என்ற வகைக் குறிப்புகளை அச்சிடுவது அமெரிக்காவில் கட்டாயமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வரி இல்லாததால் பண்டம் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட இயலாது.

இந்தியக் கடையில் வாங்கும் பெற்றோருக்கு இன்னொரு சிக்கல். அங்கிருந்து வரும் பொட்டலங்களில் சாயத்தின் பெயருக்குப் பதிலாக எண்ணே அச்சாகியிருக்கும். உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு எண்முறையான ஐ.என்.எஸ்.ஸில் 102 என்றால் டார்ட்ரசின், அதாவது யெல்லோ 5. 110 என்றால் சன்செட் யெல்லோ, அதாவது யெல்லோ 6. 129 என்றால் ரெட் 40. 133 என்றால் புளூ 1. கேசரிப் பொடியிலும் ஜாங்கிரியிலும் தேட வேண்டியவை முதல் இரண்டு எண்கள். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட கார்மோய்சின் (122), பான்சோ 4ஆர் (124) ஆகிய சிவப்புகள் அமெரிக்காவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்டவையே அல்ல. ஆகவே பள்ளியின் தடைப் பட்டியலில் அவற்றின் பெயர் இருக்காது. ஆறு பெயர்களை மட்டும் தேடும் ஆசிரியர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்று உள்ளே அனுப்பிவிடுவார்.

வீட்டில் செய்ததை, சேர்மானப் பட்டியலோடு அனுமதிப்பது மூன்றாம் தெரிவு. மனத்துக்கு மிக நெருக்கமானது இது. எனினும் நடைமுறையில் நான் அஞ்சுவதும் இதையே. நம் சமையலில் நாம் கணக்கில் எடுக்காத பொருள்கள் உண்டு. முறுக்கு அரிசி மாவில் செய்ததுதானே, கோதுமை இல்லையே என்று எழுதிக்கொடுப்போம். அதில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது நினைவுக்கு வராது. எள்ளைத் தூவியிருப்போம், அது ஒன்பதில் ஒன்று என்பதும் தோன்றாது. தேங்காயை எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, ஆகவே சுண்டலில் போட்ட துருவல் இப்போது பட்டியலில் வராது. ஆனால் தேங்காய் ஒவ்வாத பிள்ளைக்கு அந்த மாற்றத்தால் உடம்பு மாறிவிடப்போவதில்லை. தவறு செய்பவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. விளைவு மட்டும் ஒன்றே. 2013 முதல் கலிஃபோர்னியாவில் நடைமுறையில் உள்ள வீட்டுத்தொழில் உணவுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றுச் செய்பவர்கள் சேர்மானமும் ஒவ்வாமைப் பொருள்களும் அச்சிட்ட லேபிள் ஒட்ட வேண்டும். அவர்களிடம் வாங்குவதை மட்டும் அனுமதிக்கலாம் என்பது இந்தத் தெரிவின் நல்ல திருத்தம். அப்படி வரும் பண்டம் விழாநாளுக்குப் பொருந்தும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

பள்ளிச் சமையற்கூடமே தின்பண்டத்தை வழங்குவது நான்காம் தெரிவு. பெற்றோர் முன்பதிவு செய்து பணம் கட்டினால் சமையற்கூடம் பழக் கிண்ணமோ சாயமற்ற சிறு கேக்கோ வகுப்புக்கு அனுப்பும். பணம் கைமாறுவதால் இது விற்பனையாகிறது. ஆகவே ஸ்மார்ட் ஸ்நாக்ஸ் அளவும் ஏ.பி. 2316 பட்டியலும் தாமாகவே பொருந்துகின்றன, யாரும் லேபிள் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை விவரமும் பெரும்பாலும் சமையற்கூடத்திடம் ஏற்கெனவே இருக்கும், ஏனென்றால் 2022-23 முதல் கலிஃபோர்னிய அரசுப் பள்ளிகளில் எல்லா மாணவருக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசமாக அங்கிருந்தே போகின்றன. பணம் கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளைக்கு என்ன வழி என்பதற்கு மாவட்டம் பதில் வைத்திருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள சமையற்கூடத்துக்கு இது கூடுதல் சுமை என்பதும் மெய். மாதம் ஒரு நாள் அந்த மாதத்துப் பிறந்தநாள்களை எல்லாம் சேர்த்துக் கொண்டாடினால் இரண்டு சிக்கலும் குறையும்.

பிறந்தநாளிலிருந்து உணவையே விலக்கிவிடுவது கடைசித் தெரிவு. சி.டி.சி. 2013-இல் வெளியிட்ட ஒவ்வாமை வழிகாட்டியும் பரிசுக்கும் பாராட்டுக்கும் உணவல்லாதவற்றைப் பயன்படுத்தச் சொல்கிறது. பிறந்தநாள் பிள்ளை வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்துத் தன் பெயரை முதல் பக்கத்தில் எழுதலாம். பத்து நிமிடம் கூடுதல் விளையாட்டு நேரத்தை வகுப்புக்கு வாங்கித் தரலாம். அன்றைக்குக் கதை வாசிக்கத் தாத்தாவை அழைத்துவரலாம். கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு, கூட ஒரு தோழியையும் கூட்டிக்கொண்டு, மிட்டாய் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போய் டீச்சர்களுக்கெல்லாம் கொடுத்து வந்த தலைமுறைக்கு இது சப்பென்று இருக்கும். அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்த நாளில் பிள்ளைக்குப் பிடித்திருந்தது மிட்டாயா, அல்லது பள்ளி முழுதும் சுற்றிவரக் கிடைத்த அனுமதியா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று பலர் ஒப்புக்கொள்வார்கள் என நினைக்கிறேன். அந்த அனுமதியை மிட்டாய் இல்லாமலும் கொடுக்கலாம்.

எந்தத் தெரிவு

பிறந்தநாளுக்கு உணவு வேண்டாம் என்ற கடைசித் தெரிவையும், ஆண்டில் மூன்று நான்கு விழாக்களுக்குச் சமையற்கூடம் வழங்கும் நான்காம் தெரிவையும் சேர்த்து எடுக்கலாம் என்பது என் முடிவு. தீபாவளியோ பொங்கலோ சந்திரப் புத்தாண்டோ அந்த விழாக்களில் இடம்பெற வேண்டும் என்று கேட்பதற்குத் தமிழ்ப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. அன்றைக்கு மட்டும், உரிமம் பெற்ற சமையலறையில் செய்து லேபிள் ஒட்டிய பண்டத்தை, ஒரு வாரம் முன்பே பள்ளி அலுவலகத்தில் பட்டியல் கொடுத்துக் கொண்டுவர இடம் தரலாம். ஒவ்வாமையுள்ள பிள்ளையின் பெற்றோர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தயாராவதற்கு அந்த ஒரு வாரம் உதவும்.

கட்டுப்பாடு இல்லாத முதல் தெரிவை எடுக்க விரும்பும் மாவட்டத்தோடு எனக்கு அவ்வளவு சண்டை இல்லை. அதன் விளைவு என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். 'பொட்டலம் மட்டும்' என்ற இரண்டாம் தெரிவை மட்டும் தவிர்க்க வேண்டும். அது பாதுகாப்பாகத் தோன்றிக்கொண்டே சாயத் தடையின் நோக்கத்துக்கு எதிராக வேலை செய்கிறது. பள்ளியின் வாங்குதல் அலுவலகம் கண்ணுங்கருத்துமாக விலக்கிய ரெட் 40, பிறந்தநாள் பெட்டியில் அலுவலகத்தின் அனுமதியோடு திரும்பி வருகிறது.

இந்த முடிவுக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒவ்வாமைத் துறையிலிருந்தே வருகிறது. 2021-இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட வழிகாட்டுதல், பள்ளி முழுவதற்குமாக ஓர் உணவைத் தடைசெய்வது ஒவ்வாமை விபத்துகளைக் குறைக்கிறது என்பதற்குத் திடமான சான்று இல்லை என்று கூறி, அதைவிட ஆசிரியர் பயிற்சியையும், கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசியைத் தயாராக வைத்திருப்பதையும் பரிந்துரைத்தது. நான் அதை மறுக்கவில்லை. அந்த வழிகாட்டுதல் பேசுவது, வீட்டிலிருந்து பிள்ளை கொண்டுவரும் மதிய உணவுப் பெட்டியில் வேர்க்கடலையைத் தடைசெய்வது போன்ற விதிகளைப் பற்றி. பிறந்தநாள் பண்டம் வேறு வகை: யாரோ செய்ததை 24 பேரும் ஒரே நேரத்தில், ஆசிரியர் கையிலிருந்து வாங்கி உண்கிறார்கள், ஆசிரியர் கொடுத்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளை நம்புகிறது. ஊசி இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. கலிஃபோர்னியச் சட்டம் 2015 முதல் பள்ளிகளில் அதை இருப்பு வைக்கச் சொல்கிறது. அந்த ஊசியைப் போடத் தெரிந்தவர் யார், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யார் என்று கேட்பது இந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று.

மதிய உணவுப் பெட்டியை இந்த விதிகள் எதுவும் தொடக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவைப்பது நல்லது. மாநிலச் சட்டம் அதைத் தொடவில்லை. இன்று எலுமிச்சைச் சாதம் கொண்டுவரும் பிள்ளையிடம் அதன் மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மேற்பார்வையாளர் கேட்டால், கேட்கப்படுவது சாயத்தைப் பற்றிய கேள்வியாக அந்தப் பிள்ளைக்குத் தோன்றாது. தீர்மானத்தின் எல்லை வகுப்பறையில் பொதுவில் பகிரப்படும் உணவு வரை மட்டும்.

எந்தத் தெரிவை எடுத்தாலும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நலக்கொள்கையை மதிப்பிட்டு முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அந்த மதிப்பீட்டில் எதை எண்ணப்போகிறோம் என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும்: கொள்முதல் பட்டியலில் சாயம் கலந்த பொருள்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, வகுப்பறையில் எபிநெஃப்ரின் போட நேர்ந்தது எத்தனை முறை, விழாநாள் உணவை உண்ண முடியாமல் போன பிள்ளைகள் எத்தனை பேர், விதியைப் பற்றி ஆசிரியர்கள் அலுவலகத்துக்கு எழுதிய புகார்கள் எத்தனை. ஏ.பி. 1264-இன் வரையறை 2028 ஜூனில் வந்ததும் கொள்முதல் பகுதியை மறுபடி திறக்க வேண்டியிருக்கும். அப்போது பிறந்தநாள் விதியையும் சேர்த்துத் திறக்க வேண்டிய அவசியம் இராது.